கல்லுக்கும் ஷெட்டுக்கும் நடுவே ஒன்றேகால் அடி

வாக்குமூலம் அளிப்பவர்: பெண். வயது 43. தொழில்: வீட்டிலிருந்தபடி தையல். பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் ஆகியவை அடையாள அட்டையில் கண்டபடி இத்துடன் இணைத்த தாளில் உள்ளன. காவலர்கள் அறைக்கு வெளியே அனுப்பப்பட்ட பிறகு, நீதித்துறை நடுவர் முன்னிலையில் வெள்ளிக்கிழமை காலை 11.20 மணிக்குப் பதிவு தொடங்கியது.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் பதினான்கு வருடமாகக் குடியிருந்து வருகிறேன். கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த சம்பவம் பற்றி அன்றே போலீசில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அது பொய். என்னை யாரும் மிரட்டி இங்கே அனுப்பவில்லை. நான் சொல்வது எனக்கு எதிராகவே திரும்பலாம் என்று நடுவர் அம்மா இரண்டு முறை எடுத்துச் சொன்னார். யோசித்துக்கொள்ள அரை மணி நேரம் தனியாக உட்கார வைத்தார். யோசித்துவிட்டேன், சொல்கிறேன்.

என் கணவர் வெல்டர். வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் கேட், கிராதி, ஜன்னல் கம்பி செய்து கொடுக்கிறார். தெருவில் அவருக்குப் ‘பொறி’ என்று பட்டப்பெயர். தொழிலை வைத்து வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு வாய்க்கு முன்னால் கை வந்துவிடும்.

எங்களுக்குக் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஓட்டி இந்த வருடம் ஓய்வு பெற்றவர். அவரை டிரைவர் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எங்களுக்கு ஒரே மகள், வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அக்காவின் யூனிஃபார்ம் எல்லாம் நான் தைத்ததுதான். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது பதினொரு நாள் என்னைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டவர் அக்கா.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் முன்பு செடிவேலிதான் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் என் கணவர் ஷெட்டைப் பின்பக்கமாக நீட்டியபோது அந்த வேலியில் பாதியை வெட்டினார். டிரைவர் அப்போது வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, அக்காவுக்கு மாடிப்படி ஏற முடியாமல் முழங்கால் வலி வந்துவிட்டதால் கீழே ஒரு குளியலறை கட்ட நினைத்தார். அதற்கு அனுமதி வாங்க இடத்தை அளக்க வேண்டும் என்றார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு சர்வேயர் வந்தார். நாடாவைப் பிடித்து முன்னும் பின்னுமாக மூன்று முறை அளந்துவிட்டு, எங்கள் ஷெட்டின் கிழக்குக் கம்பங்கள் டிரைவர் நிலத்துக்குள் ஒன்றேகால் அடி போயிருக்கின்றன என்று சொல்லி, இரண்டு மூலையிலும் கல் நட்டார். நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அதனால் அளவில் தப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு டிரைவர் என் கணவரிடம், “ஷெட்டை நீ இடிக்க வேண்டாம்பா. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஷெட்டுக்குப் பின்னாடி மட்டும் கல்லுக்குக் கல் நேரா வேலி போட்டுக்கிறேன், எனக்கு அது போதும்” என்றார். இதைவிட நல்ல வார்த்தை அவர் சொல்லியிருக்க முடியாது. ஆனால் என் கணவர் அன்று மத்தியானம் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். “நான் நிக்கிற இடத்துல நிக்கிறதுக்கு அவன் யாருடி எனக்குப் பெரிய மனசு பண்ண?” என்று கேட்டார். அவர் திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்பார். விட்டுக்கொடுத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுவாரம் பின்மூலைக் கல்லைக் காணவில்லை. அதைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தது என் கணவர். பழைய இரும்பு போட்டு வைக்கும் குழியில் தள்ளி மேலே தகரத்தைப் போட்டார். இப்போதும் அங்கே இருக்கிறது. ஆள் அனுப்பினால் காட்டுகிறேன். அதன் பிறகு டிரைவர் மறுபடி சர்வேயரை அழைத்து வந்து வேறு கல் நட்டு, அதைச் சுற்றி சிமெண்டு போட்டார். இரும்புக் கம்பம் நட்டு முள்கம்பி இழுத்தார். மறுநாள் என் கணவர் கம்பியை நான்கு இடத்தில் துண்டித்தார். டிரைவர் முடிச்சுப் போட்டுக் கட்டினார். என் கணவர் மறுபடி வெட்டினார். இப்படியே மூன்று வாரம் போனது. இதற்கிடையில் டிரைவரும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஷெட்டின் தகரத்தில் கரித்துண்டால் ‘நிலத்திருடன்’ என்று பெரிதாக எழுதினார். நான் சோப்பு போட்டுத் தேய்த்தும் எழுத்து முழுதாகப் போகவில்லை.

சம்பவத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு, கேட் வாங்க வந்த இரண்டு பேர் ஷெட்டில் நின்றுகொண்டிருக்கும்போது டிரைவர் உள்ளே வந்து, “கம்பி வெட்டுற கட்டர் எங்கடா?” என்று கேட்டு என் கணவரின் சட்டையைப் பிடித்தார். என் கணவர் முழங்கையால் அவர் வாயில் இடித்தார். முன்பல் ஒன்று உடைந்து உதட்டில் குத்தியது. டிரைவர் பல்லைத் துப்பிவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றி, வந்தவர்கள் பார்க்க என் கணவரின் கன்னத்தில் அடித்தார். ஒரு அடிதான். அதன் பிறகு என் கணவர் சம்மட்டியை எடுக்கப் போனார். நான் குறுக்கே நின்றேன். வந்தவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து டிரைவரைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் அவர் விட்டெறிந்த செங்கல் என் தையல் மெஷினுக்கு மேலே இருந்த ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. மெஷினில் இருந்த துணியில் கண்ணாடித் தூள் ஏறிவிட்டது.

செருப்படி வாங்கியதைப் பற்றி என் கணவர் நான்கு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் மட்டும் அடிக்கடி கழுவிக்கொண்டார். அவர் கத்தினால் எனக்குப் பயம் கிடையாது, பழகிவிட்டது. பேசாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அக்காவைப் பார்த்து, “அண்ணனைக் கொஞ்ச நாள் வேலி பக்கம் போக வேண்டாம்னு சொல்லுங்கக்கா” என்றேன். அக்கா, “உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்ல வேண்டியதை என்கிட்டச் சொல்றே” என்றார். அவர் சொன்னது சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். ஏறக்குறைய பத்தேகால் மணிக்கு டிரைவர் தனியாகப் பின்பக்கத்தில் கம்பம் அடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடிக்கும் என் மெஷின் மேல் இருந்த ஊசி டப்பா அதிர்ந்தது. என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏழெட்டு அடி வரை கேட்டுக்கொண்டு சாப்பிட்டார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, கையைக் கூடக் கழுவாமல் எழுந்து ஷெட்டுக்குள் போனார். அவர் திரும்பி வரும்போது காலில் வேலைக்குப் போடும் ஷூவும் கையில் மூன்றடி நீளத்துக்கு இரும்புக் குழாயும் இருந்தன. நான், “என்னங்க, வேண்டாங்க, உள்ள வாங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன்.

டிரைவர் இவரைப் பார்த்துவிட்டு ஓடவில்லை. சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வலது கையைக் கம்பத்தின் தலையில் ஊன்றி நின்றார். அவர் கையில் அப்போது எதுவும் கிடையாது. இதை முக்கியமாக எழுதிக்கொள்ள வேண்டும். “வா, இன்னைக்குப் பேசி முடிச்சுக்கலாம்” என்று சொன்னார். சண்டைக்குக் கூப்பிட்டாரா, சமாதானத்துக்குக் கூப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது. என் கணவர் குழாயை ஓங்கிக் கம்பத்தின் மேல் இருந்த அந்தக் கையின் மேல் போட்டார். கம்பமும் குழாயும் மோதிய சத்தம் வரவில்லை. நடுவில் கை இருந்ததால் வரவில்லை. டிரைவர் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தார். குனிந்தவரின் இடது காதுக்கு மேலே இரண்டாவது அடி விழுந்தது. அவர் சுருட்டி வைத்திருந்த முள்கம்பி மேல் முகம் குப்புற விழுந்தார்.

அதன் பிறகு என் கணவர் அவருடைய இரண்டு காலையும் பிடித்துக் கம்பிச் சுருளிலிருந்து இழுத்தார். முள் சட்டையிலும் கன்னத்திலும் மாட்டியிருந்ததால் சுருளும் கூடவே வந்தது. காலால் சுருளை மிதித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். அப்போது கன்னம் கிழிந்தது. இழுத்ததில் புரண்டு மல்லாந்து கிடந்தவரின் தாடையில் ஷூ காலால் மூன்று முறை உதைத்தார். நான் என் கணவரின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பாமலே முழங்கையைப் பின்னால் வீசினார். அது என் கன்னத்து எலும்பில் பட்டு நான் மண்ணில் விழுந்தேன். என் முகத்தில் இருக்கும் இந்தக் காயத்தை டிரைவர் செய்ததாக முதல் வாக்குமூலத்தில் சொன்னேன். செய்தது என் கணவர்.

அதன் பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது. மணல் குவியல் மேல் உட்கார்ந்துகொண்டு, “செத்துட்டானா பாரு” என்றார். நான் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். டிரைவருக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. தாடை ஒரு பக்கமாகத் தொங்கியதால் பேச்சு சரியாக வரவில்லை. ஆனாலும் “தங்கச்சி, தண்ணி” என்று அவர் சொன்னது எனக்கு விளங்கியது. நான் எழுந்தேன். என் கணவர், “தண்ணி அப்புறம். அவன் வீட்டுப் பின்படியில வெட்டுக்கத்தி இருக்கும், அதை எடுத்துட்டு வா” என்றார். எதற்கு என்று கேட்டேன். “நாளைக்கு நான் உள்ள போனா உன் பொண்ணு படிப்பு என்னாகும்? போய் எடு” என்றார்.

அவர் சொன்னது மிரட்டல் இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். நான் போனேன். அறுந்து கிடந்த கம்பியைத் தாண்டி அவர்கள் பக்கம் போய், பின்படியில் வேலிச்செடி வெட்டுவதற்கு வைத்திருந்த மரப்பிடி போட்ட கத்தியை எடுத்தேன். அந்தக் கத்தியை எத்தனையோ தடவை இரவல் வாங்கியிருக்கிறேன், அதனால் தேட வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்ததும் என் கணவர் இடது கையை நீட்டி, “வெட்டு” என்றார். நான் மாட்டேன் என்றேன். “நானா வெட்டிக்கிட்டா டாக்டருக்குத் தெரிஞ்சிடும். நீதான் நேரா வெட்டுவே. கண்ணை மூடாதே” என்றார். நான் அவருடைய முன்கையில் முழங்கைக்குக் கீழிருந்து மணிக்கட்டுப் பக்கமாக நான்கு விரற்கடை நீளத்துக்கு வெட்டினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “இன்னும் ஆழமா” என்றார். அதே கோட்டில் இன்னொரு முறை இழுத்தேன். ரத்தம் என் செருப்பில் வழிந்தது.

அதன் பிறகு என் துப்பட்டாவால் கத்தியின் பிடியைத் துடைத்தேன். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய வலது கையை விரித்து அதில் கத்தியை வைத்தேன். விரல்களை மடக்கிப் பிடிக்க வைக்கப் பார்த்தேன். எலும்பு உடைந்திருந்ததால் விரல்கள் நிற்கவில்லை. அதனால் உள்ளங்கை மேல் சும்மா வைத்தேன். இவ்வளவையும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவில்லை. தண்ணீர்க் குழாய் எங்கள் வீட்டுப் பின்கதவுக்குப் பக்கத்தில், ஏழெட்டுத் தப்படி தூரத்தில்தான் இருந்தது.

அதன் பிறகு என் கணவர் கத்தச் சொன்னார், நான் கத்தினேன். எதிர் வீட்டு வாத்தியார் முதலில் ஓடி வந்தார். அவர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். டிரைவருக்கு அதற்குள் நினைவு போய்விட்டது. போலீசார் வந்தபோது, டிரைவர் கத்தியோடு எங்கள் பக்கம் பாய்ந்து வந்து என் கணவரை வெட்டினார் என்றும், உயிர் தப்பவே என் கணவர் கையில் கிடைத்ததை எடுத்து அடித்தார் என்றும் சொன்னேன். எழுதி வந்த தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அதன்படி டிரைவர் மேல் கொலை முயற்சி வழக்குப் பதிவானது.

இரண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தார்கள், அக்கா வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரி. டிரைவர் இரண்டாவது மாடியில், என் கணவர் முதல் மாடியில். புதன்கிழமை டிரைவருக்கு நினைவு திரும்பியது. நான் யாருக்கும் தெரியாமல் மேலே போய்க் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். வலது கை தோள் வரை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையைக் கட்டிலோடு சேர்த்து விலங்கு போட்டிருந்தார்கள். வெளியே ஒரு போலீஸ்காரர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து நடக்க முடியாத மனிதனுக்கு அந்த விலங்கை என் கையெழுத்துதான் போட்டது.

வியாழக்கிழமை காலை என் கணவரின் கைக்கட்டைப் பிரித்து மருந்து போட அக்காவே வந்தார். அவருக்கு லீவு கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குப் போனால் மேலே இருப்பவரை யார் பார்ப்பது என்று யூனிஃபார்மோடு அங்கேயே இருந்தார். என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா தையலைச் சுற்றிச் சுத்தம் செய்தார். கை முரட்டுத்தனமாக இல்லை, எப்போதும் போலத்தான் இருந்தது. கட்டி முடித்த பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய், “இருபத்தெட்டு வருஷமா வெட்டுக்காயம் பாக்கிறேன். வெட்டு வாங்கிறவன் கையை இழுத்துக்குவான், காயம் கோணலாப் போகும். இது சாக்குக்கட்டியால கோடு போட்டு வெட்டின மாதிரி இருக்கு” என்றார். பிறகு, “ரெண்டு தடவை இழுத்திருக்கே. ரெண்டும் ஒரே கோட்டுல இருக்கு. உனக்குக் கை நடுங்கல போல” என்றார்.

நான், “போலீஸ்ல சொல்லிடுங்கக்கா” என்றேன். “நான் சொன்னா பொண்டாட்டி சொல்றான்னு ஓரமா எழுதி வைப்பாங்க” என்றார். அதன் பிறகு பையிலிருந்து மருந்துச்சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். பின்பக்கத்தில், விலங்கு போட்ட இடது கையால் டிரைவர் எழுதியிருந்தார். என்ன நடந்தது என்று அக்கா கேட்டதற்கு அவர் எழுதிக் காட்டியது அது. எழுத்து குழந்தை எழுதியதைப் போலக் கோணலாக இருந்தது. ‘தங்கச்சி கிட்ட தண்ணி கேட்டேன்’ என்று மட்டும் இருந்தது. கத்தியைப் பற்றி ஒன்றும் இல்லை. அக்கா, “கேட்டாரா?” என்றார். “கேட்டாரு” என்றேன். “குடுத்தியா?” என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மேலே மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது என்று படியேறிப் போனார். முழங்கால் வலியால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினார். கைப்பிடியை விடவே இல்லை.

அதன் பிறகு நான் வராந்தாவிலிருந்தே மகளுக்குப் போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, “அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிட்டு நீ யாரோட இருக்கப் போறேம்மா?” என்றாள். நானும் ஜெயிலில்தான் இருப்பேன் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு நான்கு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு என் கணவரிடம் போய், கோர்ட்டில் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று சொன்னேன். மறைத்துச் செய்ய மனம் வரவில்லை. அவர் முதலில் சிரித்தார். “கத்தி எடுத்தது யாரு? வெட்டினது யாரு? உனக்கும் சேர்த்துத்தான் கம்பி எண்ண வைப்பாங்க” என்றார். தெரியும் என்றேன். “பதினேழு வயசுலேர்ந்து வெல்டிங் புகையைக் குடிச்சு உன்னையும் பொண்ணையும் காப்பாத்தினேன், ஒரு செருப்படிக்கு நான் திருப்பிக் குடுக்கக் கூடாதா?” என்று கேட்டார். அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ள வேண்டும். நான், “செருப்படிக்கு முன்னாடியே கல்லைப் புடுங்கினது நீங்கதானே” என்றேன். உடனே அவர் நல்ல கையால் என் தலைமுடியைப் பிடித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு அலமாரியின் விளிம்பில் மூன்று முறை மோதினார். பக்கத்துக் கட்டில் நோயாளியும் வார்டு பாயும் சேர்ந்து அவர் விரல்களைப் பிரித்தார்கள். அவர் பிடியில் என் முடி ஒரு கொத்து இருந்தது. அவருடைய கையில் தையல் பிரிந்து கட்டு முழுவதும் சிவந்துவிட்டது. என் நெற்றியில் ஐந்து தையல் போட்டிருக்கிறார்கள். நடுவர் அம்மா அதை நேரில் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

இன்று காலை நான் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே நடந்து இங்கே வந்தேன். கூட யாரும் வரவில்லை. என் கணவர் மேல் எனக்குப் பழி வாங்கும் எண்ணம் கிடையாது. இருபத்திரண்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், அவர் கெட்டவர் என்று எழுதச் சொல்ல மாட்டேன். செய்ததை மட்டும் எழுதச் சொல்கிறேன். டிரைவர் கையிலிருந்து விலங்கை இன்றைக்கே எடுக்க முடியுமா என்று கேட்டேன். அதற்குத் தனியாக உத்தரவு போட வேண்டும் என்று சொன்னார்கள். அந்த உத்தரவு போடும் வரை காத்திருக்கிறேன் என்றேன்.

இதில் உள்ளவை யாவும் என் சுய நினைவோடு, என் வாயால் சொன்னவை. எழுதி முடித்த பிறகு எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டது. இந்த முறை கடைசி வரி வரை கவனமாகக் கேட்டேன். ஐந்தாம் பக்கத்தில் ‘கையில் கத்தி வைக்கப்பட்டது’ என்று எழுதப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டு, ‘கையில் கத்தியை வைத்தேன்’ என்று மாற்றச் சொன்னேன். மாற்றப்பட்டது. மாற்றிய இடத்தில் தனியாகவும், கீழே முழுமையாகவும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்

பதிவு முடிந்த நேரம்: பிற்பகல் 1.45 மணி.